ரெட்டைக் கண் பெட்டியும் கோவில்பட்டிக் கயிறும்

கோவில்பட்டிக்கு நான் போனது ஒரு பழைய கேமரா வாங்க. இன்னும் சரியாகச் சொன்னால், ஏமாறாமல் ஒரு பழைய கேமரா வாங்க. ஆறு மாதத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கேமராவை ஆசைப்பட்டு வாங்கி, அதை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எல்லாப் படத்திலும் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து, பெண்ணின் அப்பா கும்பகோணத்தில் என் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தராசைப் பார்த்தால் அடியில் கைவைத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு பதிப்பாளர், கோயில் சுவர் ஓவியங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்குப் படம் வேண்டும் என்று கேட்டார். சின்ன பிலிமில் எடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டாராம். பெரிய பிலிம் வேண்டும். காகிதம் சுற்றி வரும் நூற்றிருபது ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே சதுரப் படம். பத்து நாளில் வேலையைத் தொடங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். என் மனைவி சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் ஏமாந்துட்டு வந்தீங்கன்னா, ஸ்டூடியோவப் பூட்டிட்டு எங்கண்ணன் ஜெராக்ஸ் கடையில போய் உட்காந்துக்குங்க." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மச்சானும் ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான்.

கையில் இருந்த காசுக்கு என்னென்ன கிடைக்கும் என்று எனக்கு அத்துப்படி. துருத்தி வைத்த மடக்குக் கேமரா சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் துருத்தியின் மடிப்பில் ஊசித் துளை இருந்தால் மறுபடியும் வெளிச்சம் கசியும். ருஷ்யப் பெட்டி கனம், ஷட்டர் வேகத்தை மாற்றுவதற்கு முன்னால் பிலிமைச் சுற்ற வேண்டும், முறை தப்பினால் உள்ளே ஏதோ உடையும் என்று கேள்வி. சீன ரெட்டைக் கண் பெட்டியில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறும் என்று ஒருவர் பயமுறுத்தினார். ஜப்பான் ரெட்டைக் கண் பெட்டிதான் சரியான சாமான். மேல் கண்ணால் நாம் பார்க்கலாம், கீழ்க்கண் படம் எடுக்கும். அதற்குத்தான் நம்மிடம் காசு கிடையாது. அப்படியிருக்க, எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், ஊர் ஊராக மருந்து விற்கும் ஒரு ஆள், படம் கழுவுகிற மருந்தைத்தான் சொல்கிறேன், "கோவில்பட்டியில ஒரு அம்மாகிட்ட ஜப்பான் பெட்டி இருக்கு, ஏழாயிரம் சொல்றாங்க" என்றார். ஏழாயிரத்துக்கு என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்க வேண்டும். அந்த வில்லங்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் பஸ் ஏறினேன்.

காலையில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மழையே பார்க்காத சீமை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதிலேயே எனக்கு முதல் சந்தேகம். பஸ் நிலையத்துக்கு எதிரே காபி கேட்டேன். எங்கள் ஊரில் காபியைக் குடிப்பதற்கு முன்னால் முகர்வோம். இங்கே முகர்ந்தால் ஏலக்காய் போட்ட டீ வாசம் வந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"சாருக்கு எந்த ஊரு? தீப்பெட்டி லோடு பாக்க வந்தீங்களோ?" என்றார் கடைக்காரர்.

கேமரா வாங்க வந்தேன் என்று சொன்னால் விலை ஏறிவிடும். "இல்லங்க, ஒரு சொந்தக்காரங்களைப் பாக்க" என்றேன்.

"யாரு? பேரு சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடுதேன்."

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் அவருக்கு மூன்று பேரைத் தெரிந்திருந்தது. மூவரின் வீட்டுக்கும் வழி சொன்னார். ஒருவருக்குப் போன வாரம்தான் காலில் அடிபட்டதாம், அவர்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். "பாவம், சீக்கிரம் போய்ப் பாருங்க அண்ணாச்சி" என்று கடைசி வாய் டீக்குக் கூட நேரம் கொடுக்காமல் விரட்டினார். போகிற வழியில் எல்லாக் கடலைமிட்டாய்க் கடையிலும் ஒரிஜினல் என்று எழுதியிருந்தது. எல்லாம் ஒரிஜினல் என்றால் எது டூப்ளிகேட்? ஒன்றும் வாங்காமல் நடந்தேன்.

அந்த அம்மாவின் ஸ்டூடியோ, உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. சுப்புத்தாய் என்று பெயர் சொன்னார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். சடங்கான பெண்பிள்ளைகளைப் படம் எடுக்க ஆண்பிள்ளையைக் கூப்பிடத் தயங்கும் வீடுகள் எல்லாம் இவரிடம்தான் வருமாம். இருபது வருடமாக இந்தப் பெட்டியில்தான் எடுத்திருக்கிறார். இப்போது ஒரு சின்ன டிஜிட்டல் வாங்கிவிட்டார், பக்கத்தில் ஒரு பிரிண்டரும் இருந்தது.

பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பழுப்புத் தோல் உறை, உறையோடு சேர்த்துத் தைத்த தோள்வார். நான் பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன்.

"டாக்டரு மாதிரி வந்திருக்கீங்க" என்றார்.

கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். ரெட்டைக் கண் பெட்டியில் எதிரே இருப்பவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, நெஞ்சருகே வைத்துக் குனிந்தால் போதும். எனக்கு அது வசதியாக இருந்தது. மூடிக்குள் இருந்த கண்ணாடியில் சுப்புத்தாய் இடம் வலமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஷட்டர் வேகங்களை ஒவ்வொன்றாக அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு செகண்ட் என்று வைத்தால் ஒரு செகண்ட் திறந்து மூட வேண்டும். இது உர்ர்ர் என்று இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, இரண்டு செகண்டுக்கு மேல் எடுத்தது.

"ஒரு செகண்டும் அரை செகண்டும் இழுக்கும். மத்தது எல்லாம் சரியா இருக்கு. சொல்லிட்டேன். பொறவு சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

குறையைத் தானாக முன்வந்து சொல்கிறவரிடம்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பேன். சின்னக் குறையைக் காட்டிப் பெரிய குறையை மறைக்கிற ஆட்கள் எனக்குப் பழக்கம். ஒரு ரோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்றேன். அவரே உள்ளறையில் பிலிமைப் போட்டுக் கொண்டுவந்தார். மாடியிலிருந்து தெருவைப் பன்னிரண்டு படம் எடுத்தேன். உரமூட்டை இறக்குகிறவர்கள், குடைகள், நனைந்த சைக்கிள். கழுவித் தருகிறேன் என்றபோது, நானும் இருட்டறைக்குள் இருப்பேன் என்றேன்.

"உள்ளயே நிக்கப் போறீங்களா? சரி, நில்லுங்க. மூச்சு விடலாம், பேசக் கூடாது."

இருட்டில் ஒரு மூலையில் நின்றேன். பிலிமைச் சுருளில் ஏற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடுமாற்றம் இல்லை. நான் ஏற்றினால் இரண்டு முறையாவது நழுவும். வெளியே வந்து காய வைத்த நெகட்டிவைப் பார்த்தபோது, பன்னிரண்டும் ஊசிபோல் தெளிவாக விழுந்திருந்தன. எந்த ஓரத்திலும் கசிவு இல்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடிந்தது. தூரத்தில் இருப்பது தெளிவாக விழுகிறதா என்று பார்க்க இன்னொரு ரோல் எடுக்க வேண்டும், ஊருக்குள் அதற்கு இடம் இல்லை என்றேன்.

"நாளைக்குக் கடை லீவு. பசுவந்தனை ரோட்டுல எங்க ஊருக்கு வந்துருங்க. அங்கன வெட்டவெளிதான், எம்புட்டு தூரம் வேணும்னாலும் பாக்கலாம். எதையும் விக்கிறதுன்னா எங்க வீட்டுல அவிய கையாலதான் குடுக்கணும்" என்றார். அவிய என்றது அவர் கணவரை. காயவைத்த நெகட்டிவை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினேன். லாட்ஜுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், பெட்டியின் நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. டார்ச் கொண்டுபோனவன் பேனாவை மறந்திருந்தேன்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மினிபஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடம்பூர் போளிப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்கிடுங்க" என்று நீட்டினார். ரயிலில் பிஸ்கட் கொடுத்து மயக்கும் கதைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் போளியைப் பாதி கிள்ளித் தான் தின்று, மீதியை நீட்டினார். முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வாங்கித் தின்றேன். நெய்யும் தேங்காயுமாக அருமையான போளி. எனக்கு மயக்கம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

முந்தின நாள் மழையில் ரோடு ஒரு இடத்தில் இறங்கியிருந்தது. பஸ் ஒதுங்கப்போய்ச் சக்கரம் கரிசலில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. "செருப்பைக் கையில எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று போளிக்காரர் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்வதே திருடத்தான் என்று நினைத்துக் காலிலேயே போட்டுக்கொண்டு இறங்கினேன். எங்கள் ஊர் வண்டலில் கால் வழுக்கும், அவ்வளவுதான். இங்கே நாலு எட்டில் ஒவ்வொரு செருப்பும் ஒரு படி மண்ணைத் தூக்கிக்கொண்டது. ஐந்தாவது எட்டில் செருப்பு மண்ணோடு நின்றுவிட, கால் மட்டும் வந்தது. வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தேன்.

சுப்புத்தாயின் கணவர் சண்முகையா ஆட்டுக்கிடையும் கொஞ்சம் உளுந்துக்காடும் வைத்திருப்பவர். வீட்டு முன்னால் வெயிலில் ஒரு கட்டிலில் துண்டை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார். உறை இல்லை. வார் இல்லை. நேற்று உறைக்குள் பார்த்த பெட்டி இன்று மொழுமொழுவென்று, புதிதுபோல், வேறு ஏதோ போல் இருந்தது.

எடுத்து ஒரு செகண்டில் வைத்து அமுக்கினேன். இழுக்கவில்லை. கடிகாரம் மாதிரி ஒரு செகண்டில் மூடியது. மறுபடி அமுக்கினேன். அதேதான்.

நல்லது ஒன்றைக் காட்டி, படம் கழுவிக் காட்டி, மறுநாள் வேறு ஒன்றைத் தலையில் கட்டுவது. இதற்குத்தான் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "நேத்து நான் பாத்த பெட்டி இது இல்லீங்க" என்றேன்.

சுப்புத்தாய் தண்ணீர்ச் செம்போடு வந்தவர் அப்படியே நின்றார். "என்ன சொல்லுதீங்க?"

"உறை எங்க? வார் எங்க? நேத்து இழுத்த செகண்ட் இன்னைக்கு எப்படி இழுக்கல? இது வேற பெட்டி."

அவர் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "வாரை என்ன செஞ்சீங்க?"

"ஏட்டி, நான்தான் உறையோட கழத்தி ஆட்டுக் கொட்டத்துல தொங்கவிட்டுட்டேன்" என்றார் சண்முகையா, மிகச் சாதாரணமாக. "விக்கையில கயித்தையுமா குடுப்பாக? ஆட்டை வித்தாலும் மாட்டை வித்தாலும் கயிறு நம்ம வீட்டுலதான் இருக்கணும். கயிறு போச்சுன்னா கொட்டத்துப் பெருக்கமும் கூடவே போயிரும். வாங்குதவிய கயிறு கொண்டாருவாக. சார் கொண்டாரலியோ?"

"இது மாடு இல்லீங்க, கேமரா!"

"இருபது வருசமாச் சோறு போட்டிருக்குல்லா?" என்றார் அவர்.

செகண்ட் விஷயத்துக்கு சுப்புத்தாயே பதில் சொன்னார். உள்ளே பழைய எண்ணெய் உறைந்து கிடக்கிறதாம். நேற்றைய மழைக் குளிரில் இழுத்தது. இன்று காலையிலிருந்து வெயிலில் கிடந்ததால் எண்ணெய் இளகிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகக் கதை சொன்னவரிடம்தானே சென்னையிலும் ஏமாந்தேன்? கயிறு, எண்ணெய் என்று ஆளுக்கு ஒரு கதை தயாராக இருப்பதே என்னை இன்னும் சீண்டியது.

"நேத்து நம்பர் குறிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பொறவு எதை வச்சு என்னைக் களவாணிங்குதீங்க?"

களவாணி என்று நான் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் கூட இவ்வளவு உறைத்திருக்காது போலிருந்தது அவர் முகம். உள்ளே போய்விட்டார். இந்தப் பெட்டியும் இல்லாமல் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மச்சான் கடையில் அந்த நாற்காலி காத்திருக்கிறது. ஏமாந்து வாங்கிப் போனாலும் அதே நாற்காலிதான்.

சண்முகையாதான் பேசினார். "தூரம் பாக்கணும்னு சொன்னீங்களாமே, பாத்துட்டாவது போங்க."

இந்த முறை பிலிமை நானே போட்டேன். வீட்டுக்குப் பின்னால் கரிசல்காடு. ஒரு மறைப்பு கிடையாது, தரையும் வானமும் சேருகிற கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தெரிந்தது. இந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு வந்து மறைக்கும். ஆடுகள் குறுக்கே போயின. கண்ணாடியில் அவை எதிர்த் திசையில் போவதாகத் தெரிய, நான் பெட்டியைத் தப்பான பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். "ஏலே, சார் பக்கமாப் போங்கலே" என்று சண்முகையா ஆடுகளை அதட்டினார்.

பகல் பஸ்ஸில் மூன்று பேரும் கோவில்பட்டிக்கு வந்தோம். சுப்புத்தாய் முன்சீட்டில், நான் கடைசியில். லீவு நாளில் கடையைத் திறந்து ரோலைக் கழுவினார். இருட்டறை வாசலில் நான் தயங்கி நிற்க, "உள்ள வாங்க. வெளிய நின்னா அதையும் மாத்திட்டேன்னு சொல்லுவீங்க" என்றார். போனேன்.

நெகட்டிவ் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்தேன். தொடுவானம் மயிரிழை மாதிரி விழுந்திருந்தது. நல்ல பெட்டிதான். ஆனால் அதே பெட்டியா? பையிலிருந்து நேற்றைய நெகட்டிவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படத்தின் நடுவையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கிறவன் படத்தைத்தான் பார்ப்பான்.

சண்முகையா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இங்கன பாருங்க" என்று படத்தின் வலதுபக்க விளிம்பில் விரலை வைத்தார். "காதுல வெட்டு இருக்கு."

ஊசிமுனை அளவுக்கு ஒரு சின்னப் பிசிறு. பெட்டிக்குள் பிலிமை அணைத்துப் பிடிக்கும் தகரச் சட்டத்தில் ஏதோ ஒரு காலத்தில் விழுந்த கீறல், ஒவ்வொரு படத்தின் விளிம்பிலும் ஒரு சின்ன முக்கோணமாக விழுந்திருந்தது. இன்றைய ஆடுகளின் ஓரத்திலும் இருந்தது. நேற்றைய உரமூட்டைகளின் ஓரத்திலும், அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கிலும்.

"கிடையில எல்லா ஆடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார் சண்முகையா. "நாங்க மூஞ்சியப் பாக்க மாட்டோம். காதுல யாரு வெட்டுன்னுதான் பாப்போம். இது எங்க வீட்டுப் பொட்டிதான் சார்."

சுப்புத்தாய் மேசைக்கு அந்தப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். சென்னையில் ஏமாந்த கதை, பெண்ணின் அப்பா கத்தியது, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை. சென்னையில் என்னை ஏமாற்றியது இவர் இல்லையே.

"பொட்டி நேத்துப் பாத்த பொட்டிதான்" என்றார் சுப்புத்தாய். "நீங்கதான் நேத்து வந்த ஆளு இல்ல."

இரண்டு நெகட்டிவையும் சுருட்டிப் பையில் வைத்தேன்.

விற்க மாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் பேசியது பேசியதுதான் என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார். பெட்டியை என் கையில் சண்முகையா தன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். நான் கிளம்ப எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார் சுப்புத்தாய். பாஸ்போர்ட் படம் எடுக்கும் முக்காலியைக் காட்டினார். இரண்டு விளக்கையும் போட்டு, டிஜிட்டலைக் கையில் எடுத்தார். "நாளைக்கே நீங்க வந்து, நான் குடுத்தது வேற பொட்டின்னு சொன்னீங்கன்னா நான் எதைக் காட்ட? பொட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. நம்பர் தெரியணும். இன்னும் கொஞ்சம் தூக்கி, நெஞ்சுக்கு நேரா. சார், என்னைப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

இரண்டு நாளில் முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தேன். பிரிண்டரில் இரண்டு பிரதி எடுத்தார். பின்னால் கையெழுத்து வாங்கி ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இன்னொன்றை என்னிடம் கொடுத்தார்.

அடுத்த வாரமே ஓவிய வேலையைத் தொடங்கினேன். கோயில் இருட்டில் ஒரு செகண்ட் இழுக்காமல் இருக்க, பெட்டியை முதலில் வெளிப் பிராகாரத்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனேன். படங்களைப் பதிப்பாளர் ஒரு பேச்சும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். மச்சான் கடை நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் ஊர் திரும்பிய அன்றைக்கே, நான் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி என் பையைக் குடைந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். நெஞ்சுக்கு நேராக நம்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, முழித்தபடி நான்.

"என்னங்க இது, ஸ்டேஷன்ல எடுத்ததா?"

"பெட்டி வாங்கினதுக்கு ரசீது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். முகத்தைப் பார்த்தாலே நடந்தது எல்லாம் தெரியும்படிதான் சுப்புத்தாய் எடுத்திருந்தார்.